உன் நேர்ச்சையை நடந்து முடித்தேன்

அன்புள்ள அம்மாவுக்கு,

ஆண்டவர் அருளால் நானும் அப்பாவும் நலம். உன் முட்டிவலி எப்படி இருக்கிறது?

அப்பாவின் ஆபரேஷனுக்காக நீ நேர்ந்துகொண்ட மாதா கோவில் பாதயாத்திரையை நான் முடித்துவிட்டேன். நூற்று அறுபது கிலோமீட்டர், ஏழு நாள். முன்பே சொன்னால் தடுப்பாய் என்றுதான் மறைத்தேன். கோபப்படாதே, சித்தி கூடவே வந்தாள்.

சித்தி யாத்திரைக்கென்று புதுச் செருப்பு வாங்கினாள். பட்டறையில் நாள் முழுக்கச் செருப்புத் தைக்கிறவள் நான். கடிக்கும், வேண்டாம் என்றேன். "போடி, கோவிலுக்குப் பிய்ஞ்ச செருப்போடவா போவாங்க" என்றாள். இரண்டாம் நாளே குதிகாலில் கொப்புளம். அவளுக்கு மட்டுமா, பாதிப் பேர் புதுச் செருப்புதான். தங்கின இடத்தில் உட்கார்ந்து, என் சின்னச் சுத்தியலால் ஒவ்வொன்றின் பின்பக்கத் தோலையும் தட்டி மெத்தென்று ஆக்கிக் கொடுத்தேன். கூட்டத்தை நடத்தி வந்த லாரி டிரைவர் தன் செருப்பைத் தூக்கி வந்து, "டாக்டரம்மா, இந்தப் பேஷண்ட் பிழைக்குமா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

கடைசி நாளை நினைத்துத்தான் பயம். நடந்து வந்தவர்கள் பீடத்துக்கு முன்னால் நின்று, யாருக்காக நடந்தோம் என்று மைக்கில் சொல்ல வேண்டும். அப்போதுதான் நேர்ச்சை தீருமாம். வகுப்பில் எழுந்து வாசிக்கப் பயந்தே எட்டாவதோடு நின்றவள் நான். சித்தி, "நான் சொல்லிடறேன், நீ பக்கத்துல நில்லு" என்றாள். தலையாட்டினேன். ஆனால் வரிசை நகர நகர, வெளிநாட்டில் நீ வேலை செய்கிற வீட்டில் நாலு வருடமாக லீவு கேட்டுக் கேட்டு, கிடைக்காமல் போனில் அழுததுதான் நினைவுக்கு வந்தது. சித்திக்கு முன்னால் போய் மைக்கை நானே பிடித்தேன்.

கண்ணை மூடி உன் முகத்தை நினைத்துக்கொண்டேன். யாரும் அவசரப்படுத்தவில்லை. பிறகு, "எங்கப்பா பிழைக்கணும்னு எங்கம்மா நேர்ந்துக்கிட்டாங்க. அவங்களுக்கு லீவு தரல. அதான் நான் வந்தேன்" என்றேன். என் குரல் கோவில் முழுக்கக் கேட்டது, அம்மா. கடைசி வரிசையிலிருந்து டிரைவர் உரக்க ஆமென் சொன்னார். பிறகு எல்லோரும் சொன்னார்கள்.

அப்பா தெருவில் போகிற வருகிறவர்களை எல்லாம் நிறுத்தி, "எம்பொண்ணு மைக்குல பேசினா" என்கிறார். நூற்று அறுபது கிலோமீட்டர் நடந்தது அவருக்கு அப்புறம்தான்.

நேர்ச்சை பாக்கி என்று இனி அழாதே. தீர்ந்துவிட்டது. லீவு கிடைத்தால் எதற்காகவும் நடக்க வர வேண்டாம். சும்மா வா. வந்து, யாரும் எழுப்பாமல் தூங்கு.

அதுவரை உன்னை ஆண்டவர் பார்த்துக்கொள்ளட்டும்.

உன் மகள்