வள்ளத்தை விடாதே

ஜனவரி 8, வண்டூர்

மேகமூட்டம். காற்று இல்லை. சவாரிக் கயாக் படகுகளைக் கழுவி, கொட்டகையில் கவிழ்த்து வைத்தாயிற்று. கேஸ் தீர்ந்துவிட்டது. சிலிண்டருக்குச் சொல்ல வேண்டும்.

டிக்கெட் வந்துவிட்டது. போர்ட் பிளேர், சென்னை, அங்கிருந்து உகாண்டா. மறுபடியும் நைல். தம்பி ஜெரின் அந்த ஆற்றோடு போன பிறகு இதுதான் முதல் தடவை. சந்தோஷமா என்றால் இல்லை. பயமா? அதுவும் இல்லை. பல் டாக்டர் ஊசி போட்ட கன்னத்தைத் தொட்டால் எப்படி இருக்கும், அப்படி.

மதியம் கல்கத்தா ஜோடி. அலையாத்திக் காட்டு ஓடையில் சவாரி. "தீதி, மகர்மச் தோ நஹீ ஹை?" என்று அந்தப் பெண் கேட்டுக்கொண்டே வந்தாள். முதலை இருக்கிறது, ஆனால் இந்த ஓடைக்கு வராது என்றேன். முதல் பாதி மட்டும்தான் காதில் விழுந்திருக்கும். பாதியிலேயே திரும்பிவிட்டார்கள். நிம்மதி.

அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை.

ஜனவரி 9

சொல்லிவிட்டேன். கிழிந்த வலையைத் தைத்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. மீன் குழம்பு இருக்கு, சோறு போட்டுக்கோ என்றார்.

யாரிடமும் சொல்ல முடியாது. அதனால் இங்கே.

அப்பா எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது ஒன்றுதான்: வள்ளம் மறிஞ்சா வள்ளத்த விடாதே. இங்கே எல்லோரும் டுங்கி என்பார்கள். அவர் மட்டும் இன்னும் குளச்சல்காரராக வள்ளம் என்பார். கடலில் ஒரு மனுஷத் தலை தெரியாது, கவிழ்ந்த வள்ளம் தெரியும், தேடி வருகிறவன் கண்ணில் அதுதான் படும் என்பார். சின்ன வயதில் வேண்டுமென்றே கவிழ்த்துவிட்டு, நாங்கள் பிடித்துத் தொங்குவதைப் பார்த்துக்கொண்டு நிற்பார். நான் அழுது விட்டுவிடுவேன். ஜெரின் விடவே மாட்டான். அப்பாவுக்குப் பெருமையான பெருமை.

ஆற்றில் எல்லாம் தலைகீழ். அங்கே எங்களுக்குக் கற்றுத் தந்த மோசஸ் முதல் நாளே சொன்னார், கயாக்கிலிருந்து வெளியே வந்துவிட்டால் அதை விட்டுவிட்டு நீந்து என்று. தண்ணீர் நிறைந்த கயாக் ஓட்டம் இழுக்கிற பக்கம்தான் போகும், உன்னையும் கூட்டிக்கொண்டு. ஜெரின் தலையைத் தலையை ஆட்டினான்.

அந்தக் கடைசி நாளில் கவிழ்ந்தான். நிமிர்த்தப் பார்த்தான், முடியவில்லை. வெளியே வந்தான். கை போய்க் கயாக்கின் பிடியைப் பிடித்துக்கொண்டது. மோசஸ் கரையிலிருந்து கத்தினார். நானும் கத்தினேன், "விட்டுருலே!" என்னைப் பார்த்தான். விடவில்லை. திட்டு ஓரத்து மரம், தண்ணீருக்குள் சாய்ந்த கிளைகள். கயாக் அதற்கு அடியில் போனது. அவனும்.

எப்படிப் போனான் என்று அப்பா இதுவரை கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. வீட்டில் "ஆத்துல போயிட்டான்" என்பதோடு சரி. இந்தப் பயணத்தால் கேட்டுவிடுவாரோ. நீங்கள் சொல்லிக் கொடுத்ததுதான், அப்பா, அவனைக் கொண்டுபோனது என்று எந்த வாயால் சொல்வது.

ஜனவரி 11, போர்ட் பிளேர்

தூறல். எடுத்துக்கொண்டவை: ஹெல்மெட், மூக்கு கிளிப், மஞ்சள் காய்ச்சல் ஊசி அட்டை, மோசஸுக்கு நெத்திலிக் கருவாடு (மூன்று பாலிதீன் உறை, இன்னும் நாறுகிறது).

அப்பா ஸ்கூட்டரில் கொண்டுவந்து விட்டார். விமான நிலைய வாசலில் ஏதோ சொல்ல வந்தார். வாசல் காவலர் "ஐடி திகாவ்" என்று கை நீட்டினார். பையைத் துழாவினேன். அதற்குள் அப்பா பேச்சை மாற்றிவிட்டார். "மெயின்லேண்ட் எறங்குனதும் போன் போடு" என்றார்.

தப்பித்தேன்.

ஜனவரி 14, நைல்

நல்ல வெயில். மோசஸுக்குத் தாடி நரைத்துவிட்டது. கட்டிப்பிடித்தார், விடவே இல்லை. நான் அவர் தோளுக்கு மேலே கோழிகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஜெரினின் கயாக் இங்கே கொட்டகையில் இருக்கிறது. வயிற்றில் வண்டூர் என்று அவன் எழுதியது பாதி தேய்ந்திருக்கிறது. தொட்டேன். பிளாஸ்டிக். வேறொன்றும் இல்லை.

எங்கள் அலை அதே இடத்தில் நிற்கிறது. கடலில் அலை ஓடும், இங்கே தண்ணீர் ஓடுகிறது, அலை நிற்கிறது. வீடியோ பார்த்துவிட்டு அப்பா முன்பு கிண்டல் செய்தார், "ஓடாத அலையில ஆடுறதுக்கா உகாண்டா வரைக்கும் போறிய?"

இறங்கினேன். அலை மேல் சுற்றினேன், குட்டிக்கரணம் சுத்தமாக வந்தது. உடம்புக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது. மோசஸ் கைதட்டினார். அவருக்காகச் சிரித்தேன்.

ஜனவரி 15

காலையில் மழை. பத்து மணிக்கு மேல் வெளுத்தது.

கவிழ்ந்தேன். ஒருமுறை நிமிரப் பார்த்தேன், இல்லை. மறுபடியும், இல்லை. மூச்சு முட்டி வெளியே வந்தேன். தலை மேலே வந்தபோது கை ஏற்கெனவே கயாக்கைப் பிடித்திருந்தது. நான் பிடிக்கச் சொல்லவில்லை. மோசஸ் விசில் ஊதுவது கேட்டது. விரல் திறக்கவில்லை. மரம் தெரிந்தது. அதே மரம்.

"விட்டுருலே" என்றேன். சத்தமாகவே. விரல் திறந்தது. நீந்திக் கரை சேர்ந்தேன். கயாக் நேராகப் போய்க் கிளையில் சிக்கியது.

கரையில் உட்கார்ந்து அழுகை வருமா என்று பார்த்தேன். வரவில்லை. பிஸ்கட் தின்றேன்.

சாயங்காலம் அப்பாவுக்குப் போன். ஆற்றில் நீவாடு, அதான் நீரோட்டம், எப்படி என்றார். இழுப்பு ஜாஸ்தி என்றேன். கவிழ்ந்துவிட்டேன் என்பதும் வாயில் வந்துவிட்டது.

"வள்ளத்த விட்டியா மக்ளே?"

"விட்டேன்ப்பா."

"நல்லது." பிறகு மெதுவாக, "அவன் விட்டிருக்க மாட்டான். நான் சொன்னத மீறாத பய. அன்னைக்கே எனக்குத் தெரியும்."

அப்பா என்றேன். அவரே சிலிண்டர் வந்துவிட்டது என்றார், மாட்டியாயிற்று என்றார், வைத்துவிட்டார்.

நாளை கயிறு கட்டி மரத்திலிருந்து கயாக்கை எடுக்க வேண்டும். மோசஸ் சாப்பிடக் கூப்பிடுகிறார். முகம் கழுவிக்கொண்டுதான் போக வேண்டும்.