பிடுங்கிய பல்லின் வலி

அன்பு மகளுக்கு,

நீயும் மாப்பிள்ளையும் பேத்தி சின்னவளும் சுகமாக இருக்க வேண்டுகிறேன். அடுத்த வரியில் நானும் சுகம் என்று எழுத வேண்டும். கடிதத்தை அப்படித்தான் தொடங்க வேண்டும் என்று கான்வென்ட்டில் சிஸ்டர் பிரம்போடு நின்று கற்றுக்கொடுத்தார். இந்த முறை அந்த வரியை எழுதப்போவதில்லை.

தாடை வலி என்று போனில் சொன்னேன். "எக்ஸ்ரே நார்மல்னா உனக்கு ஒண்ணுமில்லம்மா, நினைச்சு நினைச்சுப் பெருசாக்காதே" என்று சொல்லிவிட்டு, மீட்டிங் இருக்கிறது என்று வைத்துவிட்டாய். அதன் பிறகு நடந்ததைக் கேள். பல் டாக்டரும், சின்னப் பையன், "பல்லு நல்லாத்தான் இருக்கு ஆன்ட்டி" என்றான். நான் உனக்கு ஆன்ட்டி இல்லை, வலிக்கிற பல்லைப் பிடுங்கு என்று அதட்டினேன். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் சூப்பர்வைசராக ஒரு ஹால் நிறையப் பெண்களை அடக்கி வைத்த குரல் அல்லவா, பயந்துபோய்ப் பிடுங்கிவிட்டான். வலி பக்கத்துப் பல்லுக்குக் குடிமாறியது. அதையும் பிடுங்க வைத்தேன். மறுபடி போய் நின்றபோது இடுக்கியைத் தட்டில் போட்டுவிட்டு, "இப்படியே போனா வாய்தான் காலியாகும் மேடம், வலி போகாது. தூக்கம் வருதா? சாப்பாடு இறங்குதா?" என்றான். பல் பார்க்கிறவனுக்கு அது எதற்கு என்று, அவன் எழுதி நீட்டிய சீட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டு எழுந்து வந்துவிட்டேன். ஆனால் தூக்கம் இல்லை. வயிறு கல்லாகக் கிடக்கிறது. தோளில் யாரோ ஏறி உட்கார்ந்த மாதிரி பாரம், தலை வாரக் கை மேலே எழவில்லை. தலை வாராமல் நான் ஒரு பகல் இருந்ததை நீ பிறந்ததிலிருந்து பார்த்திருக்கிறாயா? இப்போது இருக்கிறேன், பார்க்கத்தான் நீ இல்லை.

கடைசியில் அந்தச் சீட்டில் இருந்த மனநல டாக்டரிடமே போனேன். அழுவதுண்டா என்று அந்தப் பெண் கேட்டாள். எங்கள் வீட்டில் அந்த வழக்கமில்லை என்றேன். உன் அப்பா போன அன்று என் கண் நனையவில்லை என்று எல்லாரும் மெச்சினார்கள். நீயும் "எங்கம்மா இரும்பு" என்று வந்தவர்களிடமெல்லாம் சொல்லிவிட்டு, அதே வாரம் நிம்மதியாக விமானம் ஏறினாய். அன்று இறுக்கிய தாடையை நான் இன்னும் தளர்த்தவில்லையாம். இது மனச்சோர்வு, சிலருக்கு உடம்பு வழியாகத்தான் வெளியே வரும், மருந்து இருக்கிறது, ஆனால் உங்கள் வலி பொய்யில்லை என்றாள். அந்தக் கடைசி வார்த்தையை நீ சொல்லியிருக்கலாம், மீட்டிங்குக்கு நடுவில்கூட.

மாத்திரை சாப்பிடுகிறேன். உன் அண்ணனிடம் சொல்லவில்லை, அண்ணிக்குத் தெரிந்தால் மாமியாருக்குப் பைத்தியம் என்று தமுக்கடித்துவிடுவாள். சின்னவள் அழுதால் வாயை மூடு என்று அதட்டாதே. அந்தப் பழக்கம் உனக்கு யாரிடமிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும்.

அடுத்த முறை வீட்டு ஆள் ஒருவரோடு வரச் சொல்லியிருக்கிறாள் டாக்டர். கீழ்வீட்டுத் தையல்காரி, "நான் வரேன்க்கா, எனக்கென்ன வேலை" என்றாள். வேண்டாம், என் மகள் வருவாள் என்று நிமிர்ந்து நின்று சொல்லிவிட்டேன். உன்னைக் கேட்காமல்தான் சொன்னேன். இந்த வயதில் அவள் முன்னால் என்னைப் பொய்க்காரியாக்கிவிடாதே.

எந்தக் குறையும் இல்லாமல் நீங்கள் மூவரும் வாழ என் ஆசிகள். மறக்காதே, டாக்டரைப் பார்ப்பது அடுத்த மாதம் முதல் திங்கட்கிழமை காலை. நீ வந்து எனக்குத் தலை வாரிவிட வேண்டும் என்று நான் கேட்கவில்லை. நீளப் பிடி வைத்த சீப்பு அங்கே கிடைத்தால் ஒன்று வாங்கி வா.

இப்படிக்கு,
உன் அம்மா