அணில் தோண்டிய கொல்லை

களமருதூர்,
ஆவணி மாதம், வெள்ளிக்கிழமை

பூமாலையின் அப்பாவுக்கு அம்சவள்ளி வணங்கி எழுதுவது.

அந்த ஊர் வெயிலில் உங்கள் உடம்பு கெடாமல் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு எழுதுகிறேன். பூமாலை நன்றாக இருக்கிறாள், மூன்றாவது போகிறாள். மாடு சினையாக இருக்கிறது. மற்றதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல்தான் இத்தனை நாள் எழுதவில்லை.

அணில் தொல்லை தாங்கவில்லை என்று போன கடிதத்தில் எழுதியிருந்தேன். படித்துச் சிரித்ததாகப் பதில் போட்டிருந்தீர்கள். அப்போது எனக்கும் சிரிப்பாகத்தான் இருந்தது. ஓட்டுக்கடியில் கூடு கட்டி, என் பழைய புடவையைக் கிழித்து மெத்தை போட்டிருந்தன. பானையில் வைத்த அவரை விதையைக்கூட விடவில்லை.

ஆடியில் மழை பெய்ததும் உங்கள் அப்பா வீட்டை ஒட்டிய குத்தகைக் கொல்லையில் மல்லாட்டை விதைத்தார். மறுநாள் போய்ப் பார்த்தால் உழவுசால் நெடுகக் குழி. கடலைப் பருப்பின் தோல் மட்டும் மேலே கிடந்தது. மிச்சமிருந்த விதையை மண்ணெண்ணெயில் பிசிறி மறுபடி ஊன்றினார். பழைய டின்னைத் தட்டிக்கொண்டு வெயிலிலேயே உட்கார்ந்திருந்தார். இந்தப் பக்கம் விரட்டினால் அந்தப் பக்கம் இறங்கின. பக்கத்து வீட்டுத் தைலம்மாள் அக்கா விஷம் வைக்கச் சொன்னார். கோழி மேய்கிற இடம், குழந்தை இருக்கிற வீடு, வேண்டாம் என்று உங்கள் அப்பாதான் மறுத்துவிட்டார்.

வேப்பமரத்திலும் கூடு இருந்தது. அதைக் கலைத்தால் அணில்கள் போய்விடும் என்று உங்கள் அப்பா ஏறியிருக்கிறார். நான் புல்லறுக்கப் போயிருந்தேன். பூமாலை அலறிக்கொண்டு ஓடிவந்தாள். மரத்தடியில் கிடந்தார். என்னைப் பார்த்ததும், "வெதயத் தோண்டிக்கினு போவுது பாரும்மா, மண்ணத் தள்ளி மூடு" என்றார். வலிக்கிறது என்று சொல்லவில்லை.

தொடை எலும்பு முறிந்துவிட்டது. கள்ளக்குறிச்சிக்குக் கொண்டுபோய்க் காட்டினோம். இந்த வயதில் இனி நடப்பது கஷ்டம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். திரும்பி வந்தபோது கொல்லையில் ஒரு விதையும் மிஞ்சவில்லை. நிலத்துக்காரர் சுப்புராயன் வந்து பார்த்தார். ஆம்பளை இல்லாத வீட்டை நம்பி நிலத்தை விட முடியாது, அடுத்த குத்தகைக்கு வேறு ஆள் சொல்லிவிட்டேன் என்றார். வாசலோடு போய்விட்டார். உள்ளே படுத்திருந்தவருக்கு அது கேட்கவில்லை.

காலையில் கண் விழித்ததும் உங்கள் அப்பா கேட்பது ஒன்றுதான். "இன்னாம்மா, மொளச்சிடுச்சா?" முளைத்துவிட்டது என்றேன். இரண்டு இலை விட்டிருக்கிறது என்றேன். ஒருநாள், ஒரு செடியைப் பிடுங்கிவந்து காட்டு என்றார். தைலம்மாள் அக்காவின் ஆற்றோரக் கொல்லையில் கேட்டு வாங்கிவந்து கையில் கொடுத்தேன். இலையைத் தடவிப் பார்த்தார். முகம் மலர்ந்தது. அப்புறம் வேரில் ஒட்டியிருந்த மண்ணை விரலால் தேய்த்தார். "நம்ம மண்ணு செவப்பாச்சே. இது வெள்ள மணலு" என்றார்.

செடியை என்னிடமே கொடுத்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

அதற்குப் பிறகு அவர் கேட்பதே இல்லை. கஞ்சியும் இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை. ஓட்டின் மேல் அணில்கள் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டே இருக்கிறது. அவற்றை விரட்டவும் எனக்குக் கை எழவில்லை.

முதலாளி பாஸ்போர்ட்டைக் கொடுக்க மாட்டேன் என்கிறார் என்று நீங்கள் எழுதியதை உங்கள் அப்பாவிடம் சொல்லவில்லை. தைக்கு வந்துவிடுவீர்கள் என்று சொல்லியிருக்கிறேன். அதை அவர் நம்புகிறாரா என்பது எனக்குத் தெரியவில்லை.

உங்களால் வர முடியாது என்று தெரிந்துதான் கேட்கிறேன். அவர் பெயருக்குத் தனியாக ஒரு கடிதம் போடுங்கள். பூமாலை படித்துக் காட்டுவாள். உங்களுக்குத் தோன்றுவதை எழுதுங்கள். பயிர் எப்படி இருக்கிறது என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.

அய்யனார் உங்களைக் காக்கட்டும். கடிதம் சீக்கிரம் வர வேண்டும்.

உங்கள்,
அம்சவள்ளி