பெஹாலாவில் மட்டும் மண் ஏறுகிறது

9 ஆகஸ்ட் 2004, திங்கள்
விடாத மழை. ஆட்டோ கிடைக்கவில்லை. பஸ் ஸ்டாப் வரை முழங்கால் தண்ணீரில் நடை. சேலை நாசம்.
ஜாதவ்பூர் ஆபீஸில் நிலமட்ட வரைபடம் இன்று முதன்முறையாக முழுசாகத் திரையில். பழைய அளவையும் இந்த வருஷ அளவையும் ஒப்பிட்டது. மண் இறங்கிய இடம் சிவப்பு, ஏறிய இடம் நீலம். எங்கே பார்த்தாலும் சிவப்பு. பெஹாலாவில் எங்கள் தெருப் பக்கம் மட்டும் பளிச்சென்று நீலம்!
தத்தா ஸாருக்கு ஒரே குஷி. "டெல்டா மண், சுதா. எதுவும் நடக்கும்." மேலதிகாரியாச்சே, நான் எதிர்த்துப் பேசவில்லை. மனசு ஒப்பவுமில்லை. ஏறுகிற மண்ணில் எப்படி முழங்கால் தண்ணீர் நிற்கும்?
ராத்திரி இவரிடம் சொல்லித் தொலைத்தேன்.

10, செவ்வாய்
உளுந்து வாங்கணும். குடை ரிப்பேர்.
நேற்று வாயை விட்டது வினை. இவர்தான் எங்கள் ஃபிளாட் சங்கச் செயலாளர். ஞாயிறு சுதந்திர தினக் கொடியேற்றியதும் கூட்டம், ஆழ்துளைக் கிணறு போடுவது பற்றி. கார்ப்பரேஷன் குழாயில் தண்ணீர் சொட்டுச் சொட்டாகத்தான் வருகிறது, எல்லோருக்கும் அவசரம். அடித்தண்ணீரை உறிஞ்சினால் மண் அமுங்கும், சுவர் விரிசல் விடும் என்று நான் எத்தனை நாளாகக் கத்துகிறேன்.
"உன் மேப்பே மண் ஏறுதுன்னு சொல்லுதே. கூட்டத்துல அதையே சொல்லிடறேன்."
"சொல்லாதீங்க. மேப் தப்பு."
"நீ போட்டதுதானே?"
கோபம். பாதி அவர் மேல், பாதி என் மேல்.

12, வியாழன்
மழை விட்டது. நீலத்துக்குக் காரணம் ஒரே ஒரு புள்ளி. எங்கள் குளக்கரையில் உயரம் அளப்பதற்காக அந்தக் காலத்தில் நட்ட மட்டக்கல். அதைக் கணக்கிலிருந்து நீக்கினால் நீலம் போய்விடுகிறது.
தத்தா ஸார்: "பிடிக்கலைங்கறதுக்காக ஒரு புள்ளியைத் தூக்க முடியாது. காரணம் கொண்டு வா." நியாயம்தான். கொண்டு வருகிறேன்.

13, வெள்ளி
லீவு. குளக்கரை பூரா தேடினேன். கல்லைக் காணோம். கரையோரத் தெருக் கிளப் வாசலில் குட்டி சிவன். சிமென்ட் மேடை, வில்வம், செம்பருத்தி, அப்பிய குங்குமம். செருப்பைக் கழற்றிவிட்டுத் துடைத்துப் பார்த்தேன். அடியில் சர்வேக்காரர்கள் செதுக்கிய அம்புக்குறி! அசல் திரிசூலம் மாதிரியே இருக்கிறது. இவர்களைச் சொல்லிக் குற்றமில்லை.
கிளப்பை நடத்தும் பப்லுதா, அவருக்கு நான் பௌதி, அதாவது அண்ணி, விளக்கினார்: "முன்னெல்லாம் இங்கே தண்ணி நிக்காது பௌதி. இப்ப மழை வந்தா நம்ம சிவன் தாகுர் முங்கிடறார். பார்க்கச் சகிக்கலை. அதான் ஒரு செங்கல் வெச்சு மேடை கட்டித் தூக்கினோம்."
மண் இறங்கியதால் கல்லைத் தூக்கினார்கள். கல் ஏறியதால் என் வரைபடத்தில் மண் ஏறியது. நடுத்தெருவில் நின்று சிரித்தேன். எங்கள் அளவுக்காரர்களும் பக்தியோடு சிவன் தலையில் அளவுகோலை நிறுத்திவிட்டுப் போயிருக்கிறார்கள், ஒரு வார்த்தை எழுதாமல்.
மேடை உயரம் அளந்து, போட்டோ எடுத்து, நேரே ஆபீஸ். தத்தா ஸார் போட்டோவைப் பார்த்தார். "மேடை உயரத்தைக் கழிச்சுப் போடு."
போட்டேன். எங்கள் தெரு சிவப்பு. அக்கம்பக்கத்தைவிடக் கருஞ்சிவப்பு. ஜெயித்த சந்தோஷம் கொஞ்ச நேரம். பிறகு பயம். அந்தச் சிவப்பில்தானே குடியிருக்கிறோம்.

15, ஞாயிறு
வெயில். கொடி, ஜிலிப்பி, கூட்டம். கேரம் போர்டு மேல் வரைபடத்தை விரித்தேன். என் வங்காளப் பேச்சு தடுமாறியது, விடவில்லை. எல்லோரும் பொறுமையாகக் கேட்டார்கள். பிறகு ஒருவர்: "சரி, குளிக்கிறது எப்படி?"
கிணறு வேண்டும் என்று கைகள் மளமளவென்று உயர்ந்தன. வேண்டாம் என்று என் கை. அப்புறம் செயலாளர் நாற்காலியிலிருந்து இவர் கை. இரண்டே கை. தோற்றோம்.
சாயங்காலம் கொத்தனாரைக் கூட்டி வந்து பம்ப் ரூம் படியில் மட்டக்குறியாக ஒரு பித்தளை போல்ட் பதித்தேன். இனி மாதாமாதம் அளப்பேன். இறங்கினால் வாசலில் எழுதி ஒட்டுவேன். எத்தனை நாள் பார்க்காமல் போவார்கள்? முதல் அளவுக்கு இவரே அளவுகோலைப் பிடித்தார்.
கீழ்வீட்டுப் பெரியம்மா, ஜேட்டிமா, எட்டிப் பார்த்தாள், கையில் செம்பருத்தி. "பௌமா, இதுக்கும் பூ வைக்கலாமா?"
வையுங்கள் என்றேன். தூக்கி மட்டும் வைக்காதீர்கள்.