ஜவ்வு கிழிந்த முட்டி

திண்டிவனம் பஸ்ஸுக்குப் பத்து நிமிடம் இருந்தது. கபடியில் முட்டி ஜவ்வு கிழிந்த நெடுமாறன் இன்னும் தூங்கி எழவில்லை. நேற்று மனைவி கலைமதியோடு போட்ட சண்டையின் நடுவே விருட்டென்று திரும்பியவன், முட்டி நழுவி வாசலிலேயே விழுந்திருந்தான். பஸ் பிடிக்கக் கிளம்பிய கலைமதி, ஸ்கேன் கவரின் மேல் எழுதினாள்:

“மாமா, ஹாட்பாக்ஸ்ல இட்லி இருக்குது. பத்து மணிக்கு பிசியோக்காரரு வருவாரு, கதவத் தாப்பா போடாத. வண்டிச் சாவி என் பையில, தேடாத. டாக்டர் சொன்னாரில்ல, இந்த முட்டி நேரா நடந்தா தாங்கும், சட்டுனு திரும்பினாத்தான் நழுவும்.”

செருப்பை மாட்டியவள் மறுபடி உள்ளே வந்து, அடியில் நுணுக்கி எழுதினாள்:

“பொங்கலுக்கு கபடி கெடையாதுன்னு சொன்னத நான் மாத்திக்கல. கோவம் வந்தா திட்டு. நேரா நின்னு, என் மூஞ்சப் பாத்துத் திட்டு. திரும்பிப் போகாத.”