புரட்டாசியில் கோழிகள் இருந்த விரதம்

தி. நகர்
5-12-1976

அன்புள்ள ராஜரத்தினத்துக்கு அம்மா எழுதுவது. வடபழனி ஆண்டவர் புண்ணியத்தில் இங்கே எல்லோரும் சுகம், பிலாயில் குளிர் தொடங்கியிருக்கும், உன் உடம்பையும் அவரே பார்த்துக்கொள்ளட்டும். உருக்காலை வேலையை விட்டுவிட்டு வந்து கே.கே. நகர் கோழிப் பண்ணையில் கணேசமூர்த்தி சித்தப்பாவோடு கூட்டுச் சேரட்டுமா என்று கேட்டிருந்தாய். அந்தப் பண்ணையின் லட்சணத்தைக் கேட்டுக்கொள்.

முட்டையிட்டு ஓய்ந்த கோழிக்குச் சில நாள் தீனியை நிறுத்தி, ராத்திரி விளக்கையும் அணைத்தால் இறகு உதிர்ந்து முட்டை நின்றுவிடும், பிறகு தீனி போட்டுத் தேற்றினால் புது இறகு முளைத்து மறுபடி இடும், பண்ணைக்காரர்கள் செய்வதுதான். இந்த மேதாவி அதைத் தொடங்கியது புரட்டாசிப் பாதியில். ஊரே கவிச்சி தொடாத மாசம், கோழியும் விரதம் இருக்கட்டுமே அண்ணி என்று என்னிடமே இளிப்பு. மாசம் முடிந்ததும் நாம் கறிக்கடைக்கு ஓடுவதுபோல ஐப்பசி பிறந்ததும் கோழியும் முட்டையிடத் தொடங்கிவிடும் என்று நினைத்து, தீபாவளிக்கு முட்டை தருவதாக ரொட்டிக்கடை நூர் முஹம்மதுவிடம் வாக்கு வேறு கொடுத்துவிட்டார். இறகு முளைக்கவே மாசத்துக்கு மேல் ஆகுமே என்றேன், அடுப்படியில் இருப்பவர்களுக்கு என்ன தெரியும் என்றார். தீபாவளிக்கு முன்தினம் நூர் முஹம்மது பண்ணைக்கே வந்து, இறகில்லாமல் நின்ற கோழிகளைப் பார்த்து, "இன்னா நைனா, நான் முட்டை கேட்டா நீ கோழிக்குத் திருப்பதி மொட்டை போட்டு வுட்டுக்கீறே" என்றாராம். சித்தப்பா தீனி மூட்டைக்குப் பின்னால் எதையோ தேடினாராம்.

இப்போது கார்த்திகையில் கோழிகள் இடுகின்றன, பழைய எண்ணிக்கை இல்லை, ஆனாலும் முட்டை பெரிசு, ஓடும் கெட்டி. வாங்கத்தான் ஆளில்லை, தெருவில் பாதிப் பேர் கழுத்தில் ஐயப்பன் மாலை, நூர் முஹம்மதுவும் வேறிடம் பார்த்துக்கொண்டார். அதற்கு மகாராசன் கண்ட வழி, மறுபடியும் தீனியை நிறுத்துவதாம், தையில் இடுமாம்! சஷ்டிக்கு நானும்தான் பட்டினி கிடக்கிறேன், ஆனால் அது நானாக முருகனுக்கு இருப்பது. இப்போதுதான் தேறிய வாயில்லா ஜீவனை உடனே வாட்ட நினைக்கிறவர் உனக்கு மட்டும் வேளைக்குச் சோறு போடுவாரா? வேலையை விடாதே. நீ வரமாட்டாய் என்று அவரிடம் நானே சொல்லிவிட்டேன், முகத்தைத் தூக்கிக்கொண்டு போனார், போகட்டும்.

ராத்திரி ஷிப்டுக்கு வெறும் வயிற்றோடு போகாதே, அப்பா வாங்கி அனுப்பிய கம்பளியைப் பெட்டியில் பூட்டி வைக்காதே. வேலும் மயிலும் உனக்குத் துணை.

இப்படிக்கு,
உன் அம்மா பேச்சியம்மாள்

பி.கு.: இன்று நானே பண்ணைக்குப் போய்க் கோழிகளுக்குத் தீனி போட்டாயிற்று. தீனி அறைச் சாவி என் முந்தானையில் இருக்கிறது, அவர் வந்து கேட்டுப் பார்க்கட்டும்.