நடுச்சுவரில் ஐந்து வரிசை செங்கல்

அன்பு மகளுக்கு,

அப்பா, அம்மா, உன் தங்கை மூவரும் நலம். இன்று காலையிலிருந்து வீடும் நலம். நீயும் மாப்பிள்ளையும் அங்கே நனையாமல், சளி பிடிக்காமல் இருக்க வேண்டும். என் வலது கையில் மூன்று விரலுக்குக் கட்டு. பயப்படாதே, தகரம் கிழித்தது, ஆறி வருகிறது. அதனால் நான் சொல்லச் சொல்ல உன் தங்கை எழுதுகிறாள். சொன்னதை மட்டும் எழுது என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன். (அக்கா, அடைப்புக்குறிக்குள் வருவதெல்லாம் என் சொந்தச் சரக்கு. அப்பாவால் படித்துப் பார்க்க முடியாது, அவர் தேடும் மூக்குக்கண்ணாடி என் பையில் பத்திரமாக இருக்கிறது. எழுதுகோல் என் கையில், இன்றைக்குச் செங்கோலும் என் கையில்.)

பக்கத்து வீட்டு மருந்துக்கடைக்காரரோடு எனக்குப் பேச்சு நின்று மூன்று வாரம் ஆனது உனக்குத் தெரியும். இரண்டு வீட்டுத் தகரக் கூரையும் நடுச்சுவரைப் பார்த்துத்தான் சரிகின்றன. சுவரின் மேல் கிடந்த ஒரே வாய்க்கால்தான் இரண்டு கூரைத் தண்ணீரையும் தெருவில் கொண்டுபோய் விட்டது. கூரை மாற்றும்போது பார்த்தால் அது துருப்பிடித்து ஓட்டையாகியிருந்தது. புதிதாக யார் போடுவது என்பதில் வாய் நீண்டது, வாய்க்கால் போனது. (இந்த வரி என் கைவண்ணம்.) உங்க தண்ணி ஒரு சொட்டு என் பக்கம் வரக்கூடாது என்று அவர் சொல்ல, உங்க தண்ணிய நீங்களே வெச்சுக் குடிங்க என்று நானும் சொல்லிவிட்டேன். மறுநாளே சுவரில் என் பாதியின் மேல் ஒரு வரிசை செங்கல் வைத்தேன். அவர் தன் பாதியில் இரண்டு வைத்தார். நான் மூன்று. இப்படியே ஏறி ஏறி ஐந்தில் நின்றது. (இரண்டு வீட்டுக்கும் வேலை செய்தது ஒரே ஆள், நம்ம நெட்டைக் கூரைக்காரர். காலையில் நம் வீடு, மதியத்துக்கு மேல் அவர்கள் வீடு. அப்பா தேநீரைக் கையில் கொடுத்து அங்க எத்தன வரிசை என்று காதைக் கடிப்பார், பக்கத்து வீட்டு மாமாவும் அங்கே அதையே கேட்பார். இரண்டு ராஜாவுக்கும் ஒரே ஒற்றன்.)

எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும், உறைக்கவில்லை. அந்தச் சுவரை ஒட்டித்தானே அம்மாவின் தையல் அறை. திங்கட்கிழமை பள்ளி திறப்பு, அறுபது சீருடை இஸ்திரி போட்டு அங்கே அடுக்கியிருந்தது. இந்த முறை பிசகினால் அடுத்த வருடம் வேறு ஆளிடம் கொடுத்துவிடுவதாகப் பள்ளியில் முன்பே சொல்லிவிட்டார்கள். சனிக்கிழமை மத்தியானம் பிடித்தது பார் மழை! அவர் தண்ணீரைத் தடுக்க நான் வைத்த ஐந்து வரிசையும் என் தண்ணீரையே தடுத்தது. போக வழியில்லாமல் செங்கல்லில் முட்டி, தகரத்துக்கு அடியில் புகுந்து, தையல் அறையில் கொட்டியது. அவர்கள் சமையலறையிலும் அதே கதை. ஏணி வைத்து நான் ஏறினால், அந்தப் பக்கம் அவர் தலை எழும்புகிறது. ஒரு வார்த்தை பேசாமல் இருவரும் செங்கல்லைப் பெயர்த்து எறிந்தோம். (பேசவில்லையாம்! எல்லாம் உங்களாலதான் என்று அப்பா கத்த, யோவ், மொதல்ல கல்ல எடுய்யா, சண்டைய அப்புறம் போடலாம் என்று மாமா கத்த, தெருவே கேட்டது.) அப்போதுதான் விரல் கிழிந்தது. அவரே என்னைப் பிடித்து இறக்கி, சொட்டச் சொட்ட நின்றபடி மருந்து வைத்துக் கட்டினார். அதற்குள் அவர் மனைவி அம்மாவிடம், அக்கா, எங்க முன்னறை காஞ்சுதான் கெடக்கு, எடுங்க எடுங்க என்று உள்ளே நுழைந்து, அறுபதையும் போர்வையில் சுற்றி அம்மாவோடு தூக்கிக்கொண்டு போய்விட்டார். நனைந்தது நான்குதான். ஞாயிறு முழுக்க அவர்கள் வீட்டில் வைத்தே துவைத்து, காயவைத்து, தேய்த்தார்கள். நேற்று பள்ளியில் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு, அடுத்த வருடமும் நீங்களே தைத்துக் கொடுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். அம்மா திரும்பி வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசற்படியில் உட்கார்ந்து சிரித்தாள். அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது.

கூரைக்காரரைக் கூப்பிட்டு இருவரும் பாய்ந்தோம். தண்ணி உள்ள வரக்கூடாதுன்னு சொன்னீங்க, அது வெளிய போகணும்னு ரெண்டு பேர்ல ஒருத்தராவது சொன்னீங்களா என்று கேட்டார். இன்று காலை ஒரே வாய்க்காலாகப் போட்டு முடித்தாயிற்று.

மேல்மாடிக்காரர்கள் நாற்காலியை இழுத்துச் சத்தம் போடுவதாக எழுதியிருந்தாய். நீயும் பதிலுக்கு இழுக்காதே, போய்க் கதவைத் தட்டிச் சொல். வேளாவேளைக்குச் சாப்பிடு. இருவரும் நோய்நொடியில்லாமல் நிறைவாக இருக்க வேண்டும். முக்கியமாக ஒன்று. சண்டையின்போது மாமாவுக்கு ஃபோன் பண்ணாதே என்று உன்னிடம் சொன்னேன், நீயும் கேட்டுக்கொண்டாய். நேற்று கட்டு மாற்றும்போது, வாராவாரம் ஃபோன்ல பேசுற பொண்ணு மூணு வாரமா பேசவே இல்ல, நான் என்ன தப்பு பண்ணேன்னு தெரியல என்று அவர் சொன்னார். கட்டு முடிந்ததும் எழுந்து வந்துவிட்டேன். இந்த ஞாயிறு அவரைக் கூப்பிடு. நான்தான் பேசவிடாமல் செய்தேன் என்று நீயே சொல்லிவிடம்மா.

(இந்தக் கடைசி வரிகளில் நான் ஒரு எழுத்தைக்கூட மாற்றவில்லை அக்கா.)

ஆசிகளுடன்,
உன் அப்பா